மண் மறைத்ததைச் சீமெந்து காட்டுகிறது

கேள்வி: மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். ஆசிரியை. எங்களிடம் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ இருக்கிறது. பெற்றோல், ஒட்டோ கியர். பள்ளிக்கூடம் ஆறு கிலோமீற்றர் தூரம். பெரும்பாலும் அதற்குத்தான் எடுப்பேன். கோடை முழுக்கக் கார் முற்றத்து வேம்புக்குக் கீழே நின்றது. கார்த்திகை மழை தொடங்கியதும், புதிதாகச் சீமெந்து போட்ட போர்டிகோவுக்குள் விட்டோம். அன்று முதல் காலையில் காரை எடுத்தால் தரையில் மூன்று இடத்தில் கறை. முன்பக்கம் வலப்புறமாக உள்ளங்கையளவில் மெல்லிய சிவப்பு, தொட்டால் பிசுபிசுக்கிறது. நடுவில், இடப்பக்கமாக, தண்ணீர் மாதிரி ஒன்று. பின்னால் புகைக்குழாய்க்குக் கீழே கறுப்புப் புள்ளிகள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன், குளிருக்கு றப்பர் சுருங்கினால் இப்படித்தான், பயப்படாதே என்கிறார். என் கணவர் பொனற்றைத் திறந்து நாலு தடவை கிணற்றுத் தண்ணீர் விட்டுவிட்டார். ஒரு கராஜில் காட்டினோம். பவர் ஸ்ரேரிங் ஒயில் ஒழுகுகிறது, முழுவதும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். இதற்குள் எங்கள் நாய்க்குட்டி வேறு அந்தச் சிவப்புக் கறையைப் போய்ப் போய் நக்குகிறது. பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போக இருக்கிறோம். இந்தக் காரில் போகலாமா?

பதில்:

ரீச்சர், மற்றவை பிறகு. முதலில் நாய்க்குட்டியை அந்தப் பக்கம் விடாதீர்கள். அந்தச் சிவப்புக் கறை அநேகமாகக் கூலன்ட், எஞ்சின் சூடேறாமல் காக்க றேடியேற்றரில் விடும் திரவம். அதில் எதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனம் இருக்கிறது. இனிப்பாக இருக்கும், அதனால்தான் நாய் தேடிப்போய் நக்குகிறது. கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தொடக்கத்தில் குடிவெறியில் நிற்பதுபோலத் தள்ளாடும், வாந்தி எடுக்கும், தண்ணீர் நிறையக் குடிக்கும். அப்புறம் தேறிவிட்டதுபோலத் தெரியும். அந்த நேரத்தில்தான் உள்ளே சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும். ஆகவே குணம் குறி வரட்டும் என்று பார்த்திராமல் இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். "வாகனக் கூலன்டை நக்கியிருக்கிறது" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அவர் சரியான வைத்தியத்தைத் தொடங்க முடியும். வீட்டில் தவழ்கிற பிள்ளை இருந்தால் அதற்கும் இதே கவனம் வேண்டும்.

கறையின்மேல் உலர்ந்த மணல் அல்லது அடுப்புச் சாம்பலைத் தூவி, ஊறியதும் வழித்துப் பொலித்தீன் பையில் கட்டிவிடுங்கள். பிறகு சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் கிணற்றடிப் பக்கம் ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனிக் காருக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது கறையின் நிறம் அல்ல. வேம்புக்குக் கீழே நின்ற காரைச் சீமெந்துக்கு மாற்றினோம் என்று எழுதினீர்களே, அந்த வரிதான். கறை கார்த்திகையில் தெரியத் தொடங்கியது. ஒழுக்கும் கார்த்திகையில்தான் தொடங்கியது என்று எப்படிச் சொல்வது? வன்னியில் முக்கால்வாசி வாகனங்கள் மண் முற்றத்தில்தான் நிற்கின்றன. ஆடி, ஆவணி வெயிலில் காய்ந்து கிடக்கும் மண்ணில் ஒரு சொட்டு விழுந்தால் அடுத்த சொட்டு விழுவதற்குள் முதலாவது காணாமல் போய்விடும். மேலே வேப்பஞ்சருகு வேறு. மழை வந்ததும் எல்லாரும் வாகனத்தைக் கூரைக்குக் கீழே, சீமெந்தில் விடுகிறோம். ஈரக் காற்றில் கறையும் காய்வதில்லை. அதனால்தான் ஒவ்வொரு மாரிக்கும் என்னுடைய கராஜுக்குப் பத்துப் பேராவது "மழை தொடங்கினதிலிருந்து ஒழுகுது" என்று வருகிறார்கள். திறந்து பார்த்தால் பலதில் பழைய ஒழுக்கு. மாதக்கணக்கில் படிந்து காய்ந்த தடம் இருக்கும்.

உங்கள் கார் வயதிலும் இளையது இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி வழி திறந்தார்கள். இடையில் ஊரில் எல்லாரும் இருந்த வாகனத்தையே இழுத்துப் பிடித்து ஓடினோம். பன்னிரண்டு வயது தாண்டிய வாகனத்தில் றப்பரும் சீலும் தேயத்தான் செய்யும். இது உங்கள் பிழையும் இல்லை, காரின் பிழையும் இல்லை.

அண்ணன் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போகும். றப்பர் குழாய் விறைக்கும், அதை இறுக்கியிருக்கும் கிளிப் தளர்ந்ததுபோல ஆகும், அந்த இடுக்கால் கூலன்ட் கசியும். எஞ்சின் சூடேறினால் றப்பர் விரிந்து இடுக்கை அடைத்துவிடும். அங்கே அது சாதாரணம். இங்கே மார்கழி, தைப் பனியிலும் இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. அந்த அளவுக்கு நல்ல றப்பர் விறைக்காது. ஆனால் ஓடும் எஞ்சினில் கூலன்ட் 90 பாகை வரை சூடாகிறது. அது விடியற்காலையில் 20க்கு இறங்கும்போது பழைய, இறுகிப்போன றப்பர் சுருங்கத்தான் செய்யும். காலையில் மட்டும் கறை தெரிவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஓடும்போது விழும் சொட்டு சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடும், மிச்சம் வழியில் சிந்திவிடும், தரைக்கு வராது என்பது இன்னொரு காரணம். ஆக, "குளிருக்கு" என்பதில் பாதி உண்மை. "பயப்படாதே" என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

மூன்று கறைகளில் இரண்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நடுவில் இடப்பக்கமாக உள்ள தண்ணீர் ஏசித் தண்ணீர். மழைக்குள் ஓடும்போது முன்கண்ணாடி புகைமண்டினால் ஏசியைப் போடுகிறீர்கள். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து தண்ணீராகி, பக்கத்தில் இருப்பவரின் காலடிக்குக் கீழே உள்ள சிறு குழாயால் வெளியேறுகிறது. மாரியில் காற்று முழுக்க ஈரம்தானே, கூடுதலாகவே சொட்டும். அது சொட்டுவது நல்லது. சொட்டாமல் நின்று, உள்ளே காலடிக் கம்பளம் நனைந்தால்தான் குழாய் அடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நனைந்த கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே பிசுபிசுப்பு இருந்தால் மட்டும் கதை வேறு, உள்ளே இருக்கும் ஹீற்றர் றேடியேற்றர் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பின்னால் உள்ள கறுப்புப் புள்ளிகளும் தண்ணீர்தான். பலர் நம்பமாட்டார்கள், ஆனால் ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. அது ஆவியாகப் புகையோடு போகும். குளிர்ந்த சைலன்சருக்குள் பட்டதும் மறுபடி தண்ணீராகி, கரியையும் கழுவிக்கொண்டு சொட்டும். கடதாசியில் ஒற்றிப் பாருங்கள், காய்ந்த பிறகு கரித்தூள் மட்டும் நிற்கும், எண்ணெய்ப் பசை இராது. ஆறு கிலோமீற்றர் ஓட்டத்தில் சைலன்சர் கடைசிவரை சூடேறாது. தண்ணீர் உள்ளேயே தேங்கி அதைத் துருப்பிடிக்க வைக்கும். ஒழுக்கைத் திருத்திய பிறகு வாரத்தில் ஒரு தடவை மாங்குளம் வரையாவது போய்வாருங்கள். பற்றறிக்கும் அது நல்லது.

இனி முன்பக்கம்.

வலப்புறம் என்று நீங்கள் எழுதியதால், கூலன்ட் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். பிறேக் ஒயில் போத்தல் அந்தப் பக்கம்தான், சாரதியின் காலுக்கு நேர் முன்னே, எஞ்சின் அறையின் பின்சுவரோடு இருக்கிறது. பொனற்றைத் திறந்து அதன் மட்டத்தை இப்போதே பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் நின்றால் நல்லது. கீழ்க் கோட்டுக்குக் கீழே என்றால், அல்லது பிறேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக, பஞ்சுபோல இறங்கினால், காரை வளவை விட்டு எடுக்கவே கூடாது. ஆளை வீட்டுக்குத்தான் கூப்பிட வேண்டும்.

இதை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் ஒட்டுசுட்டான் பக்கத்து ஹயர் வான் ஒன்று ரயர் மாற்ற வந்தது. பின் இடச் சில்லின் உட்பக்கம் ஈரமாக இருந்தது. சாரதித் தம்பி, "மழைத் தண்ணி அண்ணை, வழி முழுக்க வெள்ளம்" என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. மற்ற மூன்று சில்லுகளும் நனைந்துதான் இருந்தன. ஆனால் அவற்றில் சேறு படிந்து மங்கலாக இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் ரயரின் உட்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு தடம் பளபளவென்று ஓடியது. சேறு அதில் ஒட்டவில்லை. விரலால் வழித்தேன். தண்ணீரைவிட வழுவழுப்பு, ஒயிலைவிட மெல்லிசு. றிம்மில் பூசியிருந்த வெள்ளிப் பெயின்ற் நகம் பட்டதும் தோலாக உரிந்து வந்தது. பெயின்றை அப்படித் தின்பது பிறேக் ஒயில்தான். பிறேக் றம்மைக் கழற்றினால் உள்ளே பிறேக் சிலிண்டரின் றப்பர் கிழிந்து, இலைனர் முழுக்க ஊறிப்போயிருந்தது. அன்று பின்னேரம் அந்த வான் பதினாலு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற இருந்தது. இப்போதும் நனைந்த சில்லைக் கண்டால் நான் குனிந்து உட்பக்கம் பார்க்காமல் விடுவதில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களும் மாரியில் மாதம் ஒரு தடவை அப்படிப் பாருங்கள். பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. சாதாரண DOT 3 வகையில் புதியது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழையது 140 பாகையிலேயே கொதித்துவிடலாம், கொதித்தால் பிறேக் பிடிக்காது. அதனால் ஒழுக்கு இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

உங்கள் பிறேக் போத்தல் நிறைவாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் பிறேக் ஒயில் வெளிர் மஞ்சள், அல்லது நிறமே இல்லாதது. நீங்கள் சொல்வது மெல்லிய சிவப்பு.

அப்படியானால் கூலன்டா, ஒயிலா? நான் தொழில் பழகியது தொண்ணூறுகளில், புதுக்குடியிருப்பில். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோலைப் போத்தலில் வாங்கி, ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் விட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் எல்லாம் அப்படித்தான் ஓடின. எந்த வாகனத்துக்குக் கீழே குனிந்தாலும் மண்ணெண்ணெய் மணம்தான். மூக்கை நம்பி எதையும் பிரித்தறிய முடியாது. எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் சட்டைப் பையில் எப்போதும் கிழித்த கொப்பி ஒற்றை வைத்திருப்பார். தரையில் கிடப்பதை அதில் ஒற்றி வெயிலுக்கு நேரே பிடிப்பார். அந்த வழியை நான் இன்றும் விடவில்லை. நீங்கள் ரீச்சர், கொப்பி ஒற்றைக்குப் பஞ்சம் இராது, செய்து பாருங்கள்.

கறையில் கடதாசியை ஒற்றி அரை மணித்தியாலம் வையுங்கள். ஒயில் என்றால், வடை சுற்றிய கடதாசிபோல, ஊறிய இடம் கண்ணாடியாகித் தெரியும். அந்த வட்டம் நேரம் போகப் போகப் பெரிதாகும், காயாது. கூலன்ட் என்றால் கடதாசி தண்ணீரில் நனைந்ததுபோலச் சுருங்கி, ஓரத்தில் நிறம் நிற்கும், கண்ணாடியாக மாட்டாது. இன்னும் சந்தேகம் என்றால் ஒரு பழைய யோகட் கப்பில் தண்ணீர் எடுத்து, ஈர்க்குக் குச்சியால் ஒரு சொட்டை அதில் விடுங்கள். ஒயில் மேலே மிதந்து நிற்கும். கூலன்ட் கலந்துவிடும். பிறேக் ஒயிலும் கலந்துவிடும், அதனால்தான் அதன் போத்தலை முதலில் பார்க்கச் சொன்னேன். விரலால் தொட்டுப் பார்த்தால் உடனே கையைக் கழுவுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. தயவு செய்து வேண்டாம்.

கராஜில் ஸ்ரேரிங் ஒயில் என்று சொன்னார்கள் அல்லவா? பழைய வான்களிலும் லொறிகளிலும் பவர் ஸ்ரேரிங்குக்குச் சிவப்பு ஒயில்தான் ஊற்றுவார்கள், சிவப்பைக் கண்டதும் அந்த நினைவு வருவது இயல்பு. ஆனால் உங்கள் அக்சியோவில் ஸ்ரேரிங்குக்கு ஒயிலே கிடையாது. அது மின் மோட்டாரால் இயங்குகிறது. இல்லாத ஒயில் ஒழுக முடியாது. அந்த வேலைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கியர் ஒயில் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்கலாம், ஆனால் உங்கள் காரில் கியர்பொக்ஸ் இடப்பக்கம் இருக்கிறது, கறை வலப்பக்கம். கடதாசியும் கண்ணாடியாகவில்லை என்றால் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதுவே உதாரணம். உங்கள் கார் கொம்பனியில் இருந்து வரும்போது இளஞ்சிவப்புக் கூலன்டோடு வருகிறது. வேறு வாகனத்தில் அது பச்சை, இன்னொன்றில் நீலம். இடையில் யாரோ மாற்றியிருந்தால் கடையில் கிடைத்த நிறம். நிறத்தைவிட இடம் கூடுதலாக உண்மை சொல்லும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். உங்கள் கார் அடியில் பிளாஸ்ரிக் தகடு பூட்டியிருக்கிறார்கள். சொட்டு அதில் விழுந்து, தகட்டின் சரிவில் ஓடி, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே விழும். அதனால் தரைக் கறைக்கு நேர் மேலேதான் பழுது இருக்கும் என்று நினைக்க முடியாது.

ஆகவே இரவில் இப்படிச் செய்யுங்கள். பிரிட்ஜ் வந்த பெட்டியோ சீமெந்துக் கடையில் கிடக்கும் பெட்டியோ, பெரிய காட்போட் மட்டை ஒன்றை விரித்துக் காருக்குக் கீழே தள்ளுங்கள். முன் இரண்டு ரயரும் எங்கே வருகின்றன என்று பேனையால் கோடு போட்டு, எது வலம் எது இடம் என்று எழுதிவிடுங்கள். காலையில் காரை எடுக்கும் முன் மட்டையை இழுத்தெடுத்து, படிந்த ஒவ்வொரு சொட்டையும் சுற்றி வட்டம் போட்டுத் திகதி எழுதுங்கள். மூன்று இரவு போதும். கூடவே, அந்தக் காலைகளில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் றிசேவ் போத்தலில் மட்டம் எங்கே நிற்கிறது என்று மாக்கர் பேனையால் போத்தலிலேயே கோடு போடுங்கள். தரையில் உள்ளங்கையளவுதான் கறை, போத்தலில் மட்டும் இரண்டு விரல் குறைந்திருக்கிறது என்றால், மிச்சம் எஞ்சினுக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அது ஹெட் பக்கிங், அதாவது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் தகடு, அந்தப் பக்கம் போகும் கதை. காலைப் பனியில் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்து ஐந்து நிமிடத்தில் மறைந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது முன்பு சொன்ன தண்ணீர் ஆவி. மறையாமல் வந்துகொண்டே இருந்தால், ஒயில் மூடியைத் திறந்தால் பால்விட்ட தேநீர்போல இருந்தால், காரை ஓட்டாதீர்கள்.

கணவர் நாலு தடவை தண்ணீர் விட்டார் என்கிறீர்கள், தரைக் கறையும் நாள்தோறும் உள்ளங்கையளவு. இரண்டும் பொருந்துகிறது. என் ஊகம் வோட்டர் பம், கூலன்டை எஞ்சினுக்குள் சுற்றி ஓடவைப்பது அதுதான். உங்கள் காரில் பெல்ற் ஓடும் பக்கம் வலப்பக்கம், பம்மும் அங்கேதான் இருக்கிறது. பம்மின் கீழ்ப்புறத்தில் உழுந்துப் பருமனில் ஒரு துளை வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பெயரிங்குக்குள் போகாமல் அந்தத் துளையால் வெளியே வரட்டும், சொந்தக்காரர் கண்டுபிடிக்கட்டும் என்றே வைத்தது. அதில் ரோச் அடித்துப் பார்த்தால், கீழ்நோக்கி ஒரு இளஞ்சிவப்புக் கோடு காய்ந்து, உப்பளத்து ஓரத்தில் உப்புப் பூத்ததுபோலத் தூளாக நிற்கும். அந்தத் தூள் இருந்தால் வேறு பரிசோதனையே தேவையில்லை. சில பேர் கம்பி வைத்தோ பசை வைத்தோ அந்தத் துளையை அடைத்துவிடுகிறார்கள். செய்யவே கூடாது, பெயரிங் இறுகிப்போய் பெல்ற் அறும், நடு வழியில் நிற்பீர்கள்.

பம் சுத்தமாக இருந்தால் அடுத்தது றேடியேற்றரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றின் கிளிப்கள், பிறகு றேடியேற்றரின் பிளாஸ்ரிக் தலையும் அலுமினியமும் சேரும் விளிம்பு. அண்ணன் சொன்ன சுருக்கம் ஹோஸில் என்றால் புதிய ஹோஸும் கிளிப்பும் போட்டால் முடிந்தது.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கிறதா? அதே பொருக்கு எஞ்சினுக்குள்ளும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர், நல்லெண்ணத்தோடு ஊற்றினாலும் அது அடைக்கத்தான் செய்யும். இங்கே தண்ணீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். குளிர் நாட்டில் அது உறையாமல் காக்கிறது; இங்கே துருப்பிடிக்காமலும், கொதிக்கும் வெப்பத்தைக் கூட்டியும், பம் சீல் தேயாமலும் காக்கிறது. வெறும் தண்ணீர் விட விட அந்தக் காப்பெல்லாம் கரைந்துபோகும். வழியில் அந்தரத்துக்கு எந்தத் தண்ணீரும் விடலாம், அதில் பிழையில்லை. வீட்டில் என்றால் பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரோ, ஆர்.ஓ. நிலையத்துத் தண்ணீரோ விடுங்கள். எதுவானாலும் றிசேவ் போத்தலில் மட்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியில் கை வைக்கக் கூடாது, மூடியில் 1.1 என்று எழுதியிருக்கும் அழுத்தம் வரை கொதிநீர் உள்ளே அடைபட்டு நிற்கிறது, திறந்தால் முகத்தில்தான் பாயும். இதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கராஜுக்குக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே பார்க்கும்படி கொண்டுபோங்கள். முதல் நாள் பின்னேரம் விட்டுவிட்டு வந்தாலும் சரி. மூன்று நாள் மட்டையையும் காட்டுங்கள். "றேடியேற்றர் மூடிக்குப் பதிலாகக் கைப்பம் பூட்டி, அழுத்தம் கொடுத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். மூடியில் எழுதிய அளவு வரை அடித்து, பத்து நிமிடம் விட்டால், முள் இறங்குகிறதா, எங்கே ஈரம் வருகிறது என்று நீங்களே பக்கத்தில் நின்று பார்க்கலாம். அந்தக் கைப்பம் இல்லாத கராஜ் என்றால் இருக்கிற இடத்துக்குப் போங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தேடினால் கிடைக்கும். ஒழுக்கை அடைக்கும் தூள், பசை எதையும் கூலன்டுக்குள் போட விடாதீர்கள். அது ஒழுகும் துளையை அடைப்பதற்கு முன் றேடியேற்றரை அடைக்கும். பம் மாற்றினால் பக்கிங்கையும் புதிதாகப் போட்டு, பெல்ற்றில் வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றும் கூலி ஒன்றுதான். நாலு தடவை விட்ட கிணற்றுத் தண்ணீரை முழுவதும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசி, புதுக் கூலன்ட் விட வேண்டும். அப்படியே விடுவதா, தண்ணீர் கலப்பதா என்று போத்தலில் எழுதியிருக்கும், அதை வாசித்துவிட்டே விடச் சொல்லுங்கள். விட்ட பிறகு காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் மறுநாளே சூடேறும்.

அதுவரை பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா? பிறேக் போத்தல் நிறைவாக இருந்து, ஒவ்வொரு காலையும் கூலன்ட் மட்டத்தைப் பார்த்துவிட்டு என்றால், அந்த ஆறு கிலோமீற்றர் ஓடலாம். இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். ஓடும்போது சூடு காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள், வீடு பக்கத்தில்தானே என்று ஒரு கட்டை ஓடினாலும் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அந்த விளக்கையும் முழுதாக நம்ப முடியாது. சூட்டை அளக்கும் கருவி கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் முழுவதும் வடிந்துவிட்டால், எஞ்சின் கருகும்போதும் விளக்கு எரியாமல் இருக்கலாம். அதனால்தான் காலையில் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு இப்போதைய நிலையில் வேண்டாம். திருத்திய பிறகு மட்டையைக் காருக்குக் கீழே இன்னும் ஐந்து இரவு போடுங்கள். மட்டை உலர்ந்தபடி இருந்தால், மாக்கர் கோடும் இறங்கவில்லை என்றால், ஏ9இல் தாராளமாகப் போங்கள். கூலன்ட் ஒரு போத்தலும், நல்ல தண்ணீர் இரண்டு லீற்றரும் பின்னால் கிடக்கட்டும். முறிகண்டியில் எப்படியும் தேங்காய் உடைக்க நிறுத்துவீர்கள். அப்போது பொனற்றைத் திறக்காமல் குனிந்து காருக்குக் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறுங்கள். அங்கே எல்லா வாகனத்துக்குக் கீழும் ஏசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், உங்களுடையதும் சொட்டும். அது தண்ணீர்தான் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

நாய்க்குட்டியை வைத்தியர் பார்த்தாரா, எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள் ரீச்சர்.